பழைய கேஸ் கிரில் மறுசீரமைப்பு: எந்தப் பாகத்தை வெட்டி ஒட்டலாம், எதில் கை வைக்கக் கூடாது?

#1 துருவேட்டை
வணக்கம். வீடு மாறிப் போனவர் ஒருவர் "தூக்கிக்கொண்டு போனால் போதும்" என்று கொடுத்த கேஸ் கிரில் ஒன்று பத்து நாளாக என் கொட்டகையில் நிற்கிறது. வெபர் கம்பெனியின் ஜெனிசிஸ் மாடல், மூன்று பர்னர். முதல் ஜெனிசிஸ் வந்தது 1985-இல். என்னுடையது அதற்குச் சில வருடம் பிந்தியதாக இருக்கலாம். மரச்சட்டம் போட்ட பக்க மேசை, வலது பக்கம் திருகுகள் (கேஸைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள்), பர்னர்கள் இடமிருந்து வலமாகப் படுத்திருக்கின்றன.

வெளியே பார்த்தால் பாவமாக இருக்கிறது, உள்ளே அதைவிட மோசம். ஒரு பர்னர் நடுவில் வாய் பிளந்திருக்கிறது. இன்னொன்றில் நான்கைந்து துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே கிழிசல். பர்னருக்கு மேலே உட்காரும் 13 தகடுகளில் நான்கு, எடுக்கும்போதே கையில் உதிர்ந்தன. மூடியின் உட்புறம் பெயிண்ட் செதில் செதிலாக உரிகிறது. தீப்பெட்டி (பர்னர்கள் இருக்கும் வார்ப்பு அலுமினியத் தொட்டியைத்தான் சொல்கிறேன்) மட்டும் விரிசல் இல்லாமல் இருப்பது போலத் தெரிகிறது.

அச்சு அசலாக அதே பாகங்களைத் தேடி வாங்குவதா, கிடைப்பதை வெட்டி வளைத்துப் பொருத்துவதா? கையில் கிரைண்டர், டிரில், வைஸ் இருக்கின்றன. வெல்டிங் தெரியாது.

#2 அரத்தூள்
தொட்டி நன்றாக இருந்தால் கிரில் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் போல்ட்டைக் கழற்றி மாற்றுகிற சமாச்சாரம். பிசுக்கை முழுக்கச் சுரண்டி எடுத்த பிறகு திருப்புளியின் பிடியால் தொட்டியின் அடி, மூலைகள், சட்டத்தோடு சேரும் காதுகள் எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும்.

மூடியில் உரிவது பெயிண்ட் இல்லை. உள்ளே பெயிண்டே அடிப்பதில்லை. அது வருடக்கணக்காகப் படிந்த புகையும் கொழுப்பும் கரியாகி உரிவது. பிளாஸ்டிக் பட்டையால் சுரண்டினால் வந்துவிடும். பலர் இதைப் பெயிண்ட் என்று நினைத்து, உள்ளே கறுப்பு பெயிண்ட் அடித்து, அது ஒரு மாதத்தில் சாப்பாட்டின் மேல் உதிர்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஓவன் சுத்தம் செய்யும் நுரை டப்பாவைத் தொட்டிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பெரும்பாலானவற்றில் காஸ்டிக் சோடா இருக்கும், அலுமினியத்தைத் தின்றுவிடும். "எல்லாத் திருகையும் முழுசாகத் திறந்து, பிசுக்கை எரித்துவிடு" என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். தொட்டிக்கு வார்ப்பது கலப்பு உலோகம், அது அதற்கும் முன்பே தளர ஆரம்பிக்கும். அடியில் தேங்கிய கொழுப்பு ஒருமுறை பற்றிக்கொண்டு, தொட்டியின் ஒரு மூலை மெழுகு போல் வழிந்து நின்ற கிரிலை நானே பார்த்திருக்கிறேன்.

#3 திருகாணி
தொட்டியைச் சட்டத்திலிருந்து கழற்றப் போகிறீர்களா? பொறுங்கள். இரும்பு போல்ட்டும் அலுமினியக் காதும் முப்பது வருடம் ஈரத்தில் குடும்பம் நடத்தியிருக்கின்றன. இரண்டு வேறு உலோகம், நடுவில் உப்பும் தண்ணீரும் என்றால் அரிப்பு அங்கேதான் நடக்கும். ஊடுருவும் எண்ணெயை இன்று விடுங்கள், நாளை விடுங்கள், மூன்றாம் நாள் ஸ்பானரைத் தொடுங்கள். கொஞ்சம் இறுக்கி, அப்புறம் தளர்த்துங்கள். ஒரே திசையில் முறுக்கினால் போல்ட் தலை உங்கள் கையில் இருக்கும், உடல் காதுக்குள் இருக்கும்.

#4 துருவேட்டை
தாமதமாகப் படித்தேன் அண்ணா. ஒரு தலை ஏற்கனவே என் கையில்.

#5 திருகாணி
ஹா ஹா, சரி. போல்ட்டின் நடுவில் மைய ஊசியால் குத்திவிட்டு, சிறிய பிட்டில் ஆரம்பித்துப் படிப்படியாகப் பெரிய பிட்டுக்குப் போங்கள். அலுமினியம் இரும்பைவிட மெத்து, பிட் நழுவி அந்தப் பக்கம் ஓடப் பார்க்கும். அவசரப்பட்டால் ஓட்டை முட்டை வடிவம் ஆகிவிடும். திரும்பப் போடும்போது எவர்சில்வர் போல்ட், மரை இறுகிச் சிக்காமல் இருக்க அதில் நிக்கல் கலந்த ஒட்டாப்பசை. அடுத்த முப்பது வருடம் கழித்துக் கழற்றப் போகிறவர் உங்களை வாழ்த்துவார்.

#6 நீலச்சுடர்
நான் கேஸ் அடுப்பு பழுது பார்க்கும் வேலையில் பல வருடம் இருந்தவள். இந்த இழை எந்தப் பக்கம் போகும் என்று தெரிவதால் முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன்.

கிரிலில் இரண்டு பகுதி. ஒன்று, கேஸ் அடைபட்டு ஓடுகிற பாதை: சிலிண்டர் இணைப்பு, ரெகுலேட்டர், ஹோஸ், மேனிபோல்ட் குழாய் (வால்வுகளுக்குக் கேஸைப் பிரித்துக் கொடுப்பது), வால்வு, வால்வின் மூக்கில் உள்ள ஜெட் (கேஸ் பாய்ந்து வரும் சிறு ஓட்டை). இரண்டாவது, ஜெட்டைத் தாண்டிய பிறகு உள்ளது: பர்னர், தகடுகள், கிரேட் (உணவை வைத்துச் சுடும் கம்பித்தட்டு), அடித்தட்டு, சட்டம், மேசை. இரண்டாவது பகுதியில் பர்னரைத் தவிர எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், வளையுங்கள். தப்பு செய்தால் சமையல் கெடும், அவ்வளவுதான். முதல் பகுதியில் அந்தந்த வேலைக்கென்றே செய்த பாகத்தை மட்டும் வாங்கிப் போடுங்கள். பர்னர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும்.

தம்பி துருவேட்டை, ரெகுலேட்டரும் ஹோஸும் அசலா?

#7 துருவேட்டை
அசல்தான் அக்கா. சிலிண்டர் இணைப்பு இடப்பக்கமாகத் திருப்பி இறுக்குவது போல இருக்கிறது. ஹோஸை வளைத்தால் மேலே மயிரிழை வெடிப்புகள்.

#8 நீலச்சுடர்
அப்படியே கழற்றிக் குப்பையில் போடுங்கள். நீங்கள் சொல்வது பி.ஓ.எல். என்ற பழைய இணைப்பு, இடது மரை. பிற்காலத்தில் கையால் வலப்பக்கம் திருகும் பெரிய பிளாஸ்டிக் நட்டு வந்தது. அதில் மூன்று பாதுகாப்பு உண்டு: இணைப்பு முழுதாகச் சேராவிட்டால் கேஸ் வராது, அளவுக்கு மீறி ஓடினால் ஓட்டத்தைத் தானே குறைத்துவிடும், இணைப்பில் தீச்சூடு பட்டால் அடைத்துக்கொள்ளும். இந்தக் கிரில்கள் பிறந்த அமெரிக்காவிலேயே சிலிண்டர் விதி மாறிவிட்டது. அங்குள்ள கேஸ் பாதுகாப்பு விதித்தொகுப்பான என்.எஃப்.பி.ஏ. 58-இன் 1998 பதிப்பு சிறிய சிலிண்டர்களுக்கு மிகைநிரப்புத் தடை வால்வைக் கட்டாயமாக்கியது. 2002 ஏப்ரல் 1 முதல் அது இல்லாத சிலிண்டரை அங்கே நிரப்ப முடியாது. பழைய கிரிலோடு வந்த பழைய சிலிண்டரை "இதுவும் அசல்" என்று ஆசைப்பட்டு வைத்துக்கொள்ள வேண்டாம்.

புது ரெகுலேட்டர் வாங்கும்போது அழுத்தம் பாருங்கள். இந்தக் கிரில்களின் புரொப்பேன் அழுத்தம் 11 அங்குல நீர்மட்டம், அதாவது சுமார் 27 மில்லிபார். 30 மில்லிபார் ரெகுலேட்டர் அதற்குப் பக்கம். ஆனால் ஜெர்மனி போன்ற நாடுகளில் 50 மில்லிபார் ரெகுலேட்டரும் சாதாரணமாகக் கிடைக்கும். கேஸ் ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும். 27-க்குப் பதில் 50 போட்டால் ஏறக்குறைய 35 சதவீதம் கூடுதல் கேஸ். நட்டு பொருந்துகிறது என்பதால் ரெகுலேட்டர் பொருந்துகிறது என்று அர்த்தமில்லை.

#9 ஐந்துபட்டை
13 தகடுகளைப் பற்றி யாரும் பேசவில்லையே! அதை அப்படியே திரும்பச் செய்யாதீர்கள். நான் என் பழைய ஜெனிசிஸில் 13-ஐத் தூக்கிவிட்டு, பிந்தைய மாடல்களில் வருவது போல அகலமான ஐந்து தகடுகள் போட்டேன். சுத்தம் செய்வது எளிது, கொழுப்பு நேராக அடித்தட்டுக்கு வழிகிறது, செலவும் குறைவு. வேறு மாடலின் நீளத் தகடுகளை வாங்கி, ஒரு முனையை அறுத்து, அரத்தால் தேய்த்தேன். அரை நாள் வேலை.

#10 அரத்தூள்
நானும் அந்தப் பக்கம்தான், ஒரு எச்சரிக்கையோடு. அந்தத் தகடு எதற்கு என்று தெரிந்துகொண்டு மாற்ற வேண்டும். அதற்கு முன்னால் கேஸ் கிரில்களில் எரிமலைக் கல் பரப்பியிருப்பார்கள். கல் சூட்டைப் பிடித்து மெதுவாக விடும், நல்லதுதான், ஆனால் கொழுப்பையும் பஞ்சு மாதிரிக் குடித்து வைத்துக்கொண்டு ஒருநாள் மொத்தமாகத் தீப்பிடிக்கும். தலைகீழ் 'வி' வடிவத் தகடு வந்த பிறகு சொட்டு மேலே விழுந்து ஆவியாகிறது, மிச்சம் இரண்டு பக்கமும் வழுக்கிக் கீழே போகிறது, பர்னர் துளைகளில் விழுவதில்லை. கூரை ஓடு செய்கிற அதே வேலை. ஓடுகளின் எண்ணிக்கையைக் குறைத்துப் போட்டாலும் கூரை கூரையாக இருக்க வேண்டும்.

13 தகடு மேலும் கீழுமாக அடுக்கி வருவதால் சூடு பரவலாக ஏறும். ஐந்தில் தகடுகளுக்கு நடுவே சந்து தெரியும், அந்த வரிசையில் சூடு தூக்கலாக இருக்கும். எனக்கு அது பிடிக்கும், சிலருக்குப் பிடிக்காது.

#11 மெல்லநட
நான் 13-ஐ விடமாட்டேன். ஐந்தைப் போட்டு ஒரு பருவம் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவன். மூடியை மூடி, மூன்று திருகையும் சின்னத் தீயில் வைத்து, நான்கு மணி நேரம் வேகவிடும் வேலைக்கு அந்த இரண்டடுக்குத் தகடு தருகிற சமச்சூடு ஐந்தில் வரவில்லை. வேகமாகச் சுட்டு எடுப்பவருக்கு ஐந்து போதும்.

#12 ஐந்துபட்டை
மெல்லநட சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் அந்த 13-ஐ எங்கே வாங்குவது? வலைக்கடை ஒன்றில் வாங்கிய மாற்றுத் தகடுகள் கையால் வளைகிற மெல்லிசு. "கனத்த எவர்சில்வர்" என்று போட்டிருந்தார்கள். இரண்டு கோடையில் முறுக்கிக்கொண்டு நடுவில் ஓட்டை.

#13 அரத்தூள்
வாங்கும்போது காந்தம் எடுத்துப் போங்கள். 304 என்ற தர எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது (வளைத்த மடிப்பில் மட்டும் லேசாக ஒட்டலாம்). 430-இல் நன்றாக ஒட்டும். 430 மோசம் என்று சொல்லவில்லை, உப்பும் புளிப்பும் சொட்டுகிற இடத்தில் 304 அளவுக்குத் தாங்காது. தடிமன் அதைவிட முக்கியம். ஒரு தகட்டுப் பட்டறையில் 1.5 மில்லிமீட்டர் 304-ஐ நீளம், அகலம், கோணம் சொல்லி மடித்து வாங்கிவிடுங்கள். பழைய நல்ல தகடு ஒன்றை மாதிரிக்குக் கொடுத்தால் பேச்சே வேண்டாம்.

எவர்சில்வர் சூட்டில் நீளும். 40 சென்டிமீட்டர் தகடு 300 டிகிரி சூடேறினால் 2 மில்லிமீட்டர் கூடும். தொட்டியின் விளிம்பில் கச்சிதமாக இறுகும்படி அறுத்தால், சூட்டில் இடமில்லாமல் வில்லாக வளையும். மொத்தத்தில் 3, 4 மில்லிமீட்டர் தளர்வு விடுங்கள். கடகடவென்று ஆடட்டும், பரவாயில்லை.

கால்வனைஸ் தகடு மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். கூடாது. சூட்டில் துத்தநாகம் புகையாக வரும், அதைச் சுவாசித்தால் காய்ச்சல் கண்டுவிடும்.

#14 நீலச்சுடர்
தகட்டைப் பற்றி என் பங்குக்கு ஒன்று. "கொழுப்பே விழாமல் முழுக்க மூடிவிடுகிறேன்" என்று ஒரே பெரிய தகடு போடுகிறவர்கள் உண்டு. எரிந்த காற்று மேலே போக வழி வேண்டும், இல்லையென்றால் கீழிருந்து புதுக் காற்று ஏறாது. சுடர் திணறும், சூடு தொட்டிக்குள்ளேயே தங்கி வால்வுப் பக்கம் திரும்பும். திருகின் பிளாஸ்டிக் இளகுவதுதான் உங்களுக்குத் தெரியும் முதல் அடையாளம். பழைய தகடுகள் விட்ட சந்தின் மொத்த அகலத்தை அளந்து வைத்துக்கொண்டு, புதியதிலும் அதற்குக் குறையாமல் விடுங்கள்.

#15 துருவேட்டை
எல்லாருக்கும் நன்றி. தொட்டி கழன்றது (இரண்டு தலை போனது, காது பிழைத்தது). சட்டத்தில் துருவை உப்புத்தாளால் தேய்த்தேன், கீழ்க்காலில் ஒரு இடம் மட்டும் விரல் உள்ளே போகிறது, அங்கே உட்புறம் ஒரு இரும்புப் பட்டை வைத்து போல்ட் போட்டு நிமிர்த்திவிட்டேன்.

இப்போது பர்னர். அசல் நீளத்தில் கிடைக்கவில்லை. கையில் கிடைத்தது வேறு மாடலுடையது. குழாயின் தடிமன் ஒன்றுதான், நீளம் 4 சென்டிமீட்டர் அதிகம். கடைசி முனையை அறுத்துவிட்டு, சுத்தியால் நசுக்கி மூடலாமா? கேஸ் கசியுமளவுக்கு அழுத்தம் பர்னருக்குள் இருக்காது என்று படித்தேன்.

#16 அரத்தூள்
என் கதையைச் சொல்கிறேன், அப்புறம் முடிவு செய்யுங்கள்.

சில வருடம் முன்பு இதே மாதிரி பொருந்தாத பர்னர். நான் முனையை அறுக்கவில்லை, புத்திசாலித்தனமாக அதைத் தாங்கும் கொக்கியை மட்டும் வளைத்தேன். பர்னர் உட்கார்ந்தது, பற்றவைத்தேன், நீலமாக எரிந்தது. நன்றாகச் சூடானதும் திருகுக்குப் பின்னால் 'புஸ்' என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் வால்வின் மூக்கில் சுடர் எரிகிறது, திருகு சொட்டுகிறது. நல்லவேளை, சிலிண்டர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது.

நடந்தது இவ்வளவுதான்: பர்னரின் வாய் ஜெட்டின் மேல் தொப்பி போலக் கவிந்து உட்கார வேண்டும். என் கொக்கி பர்னரைச் சில மில்லிமீட்டர் அந்தப் பக்கம் இழுத்திருக்கிறது. குளிரில் வாய் ஜெட்டின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. சூட்டில் உலோகம் நகர்ந்ததும் கழன்றுவிட்டது. கேஸ் பாதி பர்னருக்குள், பாதி வெளியே.

அதற்குப் பிறகு எந்தக் கிரிலிலும் நான் பார்க்கிற முதல் விஷயம் பர்னர் வாய். கவிந்திருக்கிறதா, நேராக இருக்கிறதா, கையால் இழுத்தால் விலகுகிறதா.

#17 நீலச்சுடர்
அரத்தூள் சொன்னது பர்னரின் இந்த முனை. அந்த முனையை அறுத்தால் வேறு கதை. அழுத்தம் குறைவுதான் தம்பி, நசுக்கிய மூடியில் பெரிதாகக் கசியாது என்பதும் சரிதான். ஆனால் 4 சென்டிமீட்டரோடு அங்கிருந்த துளைகளும் போகின்றன. ஜெட் அனுப்பும் கேஸ் குறையவில்லை, வெளியேறும் துளைகள் குறைந்துவிட்டன. ஒவ்வொரு துளையிலும் வேகம் கூடும், சுடர் துளையைவிட்டு எழும்பி நிற்கும். உறுமல் சத்தம் கேட்கும். காற்றடித்தால் அணையும். நசுக்கிய மடிப்புதான் முதலில் துருப்பிடிக்கும் இடம் என்பது போனஸ்.

நீளமான பர்னரை மறந்துவிடுங்கள். கொஞ்சம் குட்டையான, பி.டி.யூ. (சூட்டை அளக்கும் அலகு) அளவு பொருந்துகிற பர்னர் தேடுங்கள். உங்கள் கிரிலுக்கு ஒரு பர்னருக்கு மணிக்குச் சுமார் 12,000 பி.டி.யூ. ஜெட் பக்கத்து வாய் அசலாகப் பொருந்தினால் போதும். எதிர் முனையைத் தாங்க ஒரு எவர்சில்வர் தாங்கி நீங்களே வளைத்துப் போடலாம், அது கேஸைத் தொடாத பாகம். ஆனால் அந்த முனையை இறுக்கிப் பூட்டாதீர்கள். பர்னரும் சூட்டில் நீளும், அந்தப் பக்கம் நழுவ இடம் வேண்டும். நகராமல் நிற்க வேண்டியது ஜெட் பக்க முனை.

#18 வேகச்சூடு
இவ்வளவு பயமுறுத்த வேண்டுமா? நான் என் பழைய கிரிலின் ஜெட்டையே டிரில் போட்டுப் பெரிதாக்கினேன். அசல் ஓட்டை சுமார் 1 மில்லிமீட்டர், இப்போது 1.2. நாலு வருடமாக ஓடுகிறது. மூடி வெப்பமானி முள் முன்பு தொடாத இடத்தைத் தொடுகிறது. பழைய கிரில்களை வேண்டுமென்றே சூடு குறைவாகச் செய்தார்கள் என்பது என் எண்ணம்.

#19 நீலச்சுடர்
0.2 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஓட்டையின் பரப்பு விட்டத்தின் வர்க்கம். 1 மில்லிமீட்டர் 1.1 ஆனால் 21 சதவீதம் கூடுதல் கேஸ். 1.2 ஆனால் 44 சதவீதம். 12,000 பி.டி.யூ. பர்னரில் இப்போது 17,000-க்கு மேல் ஓடுகிறது. மூன்று பர்னருக்கும் செய்திருந்தால் 36,000-க்குச் செய்த தொட்டியில் 50,000-க்கு மேல். அதுவும் கை டிரில் போட்ட ஓட்டை வட்டமாக இருக்காது, ஓரத்தில் பிசிர் இருக்கும், கேஸ் நேராகப் பாயாமல் கோணலாகப் பர்னர் சுவரில் மோதும்.

ஒரு பங்கு புரொப்பேன் முழுதாக எரிய 24 பங்கு காற்று வேண்டும். ஜெட்டை விரித்தீர்கள், பர்னர் வாயின் காற்றுச் சந்தை யார் விரிப்பது? ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள்: உங்கள் சுடரின் நுனி மஞ்சளா? கிரேட்டின் அடியில் விரலால் தொட்டால் ஒட்டும் கறுப்புக் கரி உண்டா?

#20 வேகச்சூடு
கிரில் என்றால் கரி இருக்காதா?

#21 திருகாணி
ஆமாம் என்று அர்த்தம்.

#22 புதியவன்7
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்குக் கிடைத்த பழைய கிரில் குழாய் வழி இயற்கை எரிவாயுவுக்குச் செய்தது. ஹோஸை மட்டும் மாற்றி சிலிண்டரில் ஓட்டலாமா?

#23 நீலச்சுடர்
கூடாது. இயற்கை எரிவாயு ஒரு கன அடிக்குச் சுமார் 1,000 பி.டி.யூ., புரொப்பேன் 2,500. குழாய் எரிவாயுவின் அழுத்தமும் குறைவு, பெரும்பாலும் 7 அங்குல நீர்மட்டம். அதனால் அதன் ஜெட் ஓட்டை பெரிதாக இருக்கும், விட்டத்தில் சுமார் 1.4 மடங்கு. அதில் 11 அங்குல புரொப்பேனை விட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு சூட்டுக்கான கேஸ் பாயும், ஆளுயர மஞ்சள் தீ வரும். ஜெட், ரெகுலேட்டர், ஹோஸ் மூன்றும் மாற வேண்டும். சில வால்வுகளில் சின்னத் தீ அளவும் உள்ளேயே கேஸுக்குத் தக்கபடி வைத்திருப்பார்கள், அப்போது வால்வும் மாற வேண்டும். உங்கள் மாடலின் பெயரைப் போட்டுத் தனி இழை ஆரம்பியுங்கள், அங்கே பேசலாம்.

#24 துருவேட்டை
மூன்று வாரம் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

அக்கா சொன்னபடி 12,000 பி.டி.யூ. பர்னர் மூன்று, அசலைவிட 2 சென்டிமீட்டர் குட்டை. வாய்ப்பக்கம் ஜெட்டின் மேல் நன்றாகக் கவிகிறது. எதிர்ப்பக்கம் 1.5 மில்லிமீட்டர் எவர்சில்வர் பட்டையில் 'எல்' வடிவத் தாங்கி, மேலே நீள்துளை, பர்னரின் முளை அதில் முன்னும் பின்னும் வழுக்கும். தாங்கியை மூன்று தடவை செய்தேன். முதலாவது பர்னரை ஒரு பக்கம் சாய்த்தது. இரண்டாவதில் நீள்துளை குட்டை.

வால்வுகளைக் கழற்றவில்லை. திருகினால் மூன்றும் மென்மையாகத் திரும்புகின்றன. மேனிபோல்ட்டை வெளியே எடுத்து ஊதிவிட்டேன், சிலந்தி வலையும் ஒரு செத்த பூச்சியும் வந்தன. ஜெட்டுகளைச் சூடான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மென்மையான பிரஷ், அதோடு சரி.

புது ரெகுலேட்டர், ஹோஸ். ஹோஸ் சேரும் இடம் கூம்பு இணைப்பு, டேப் சுற்றவில்லை. சோப்பு நுரை தடவிப் பார்த்ததில் மேனிபோல்ட் பக்க இணைப்பில் ஒரு குமிழ். இறுக்கினேன், நின்றது. சிலிண்டர் வாயைச் சட்டென்று திறந்தால் தீ குட்டியாகிவிடுகிறது. அந்த ஓட்டத்தடைதான் என்று புரிந்தது: எல்லாத் திருகையும் அடைத்து, சிலிண்டரையும் அடைத்து, கொஞ்சம் பொறுத்து மெதுவாகத் திறந்தால் சரியாகிறது.

#25 நீலச்சுடர்
டேப் சுற்றாதது சரி. கூம்பு இணைப்பில் உலோகம் உலோகத்தோடு அழுந்தித்தான் அடைபடும், மரை அங்கே வெறும் இறுக்குவதற்கு. டேப்பின் தடிமன் அந்த அழுத்தத்தைக் கெடுக்கும்.

பூச்சியைப் பற்றிச் சொன்னது நல்லது. பர்னர் வாயில் சிலந்தி கூடு கட்டுவது கதையில்லை. கேஸ் உள்ளே போக முடியாமல் வெளியே திரும்பும், விளைவு அரத்தூளின் திருகு உருகிய அதே கதை. புதுப் பர்னர் வாயில் கம்பி வலை இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் பருவத்துக்கு ஒருமுறை பிரஷ் விடுங்கள்.

ஒரு பர்னரிலிருந்து அடுத்ததற்குத் தீ தாவுவதற்கு என்ன செய்தீர்கள்? பழைய குறுக்குக் குழாய் புதுப் பர்னர்களில் சேராதே.

#26 துருவேட்டை
அதைத்தான் கேட்க வந்தேன். முன்பக்கம் பற்றவைத்தால் நடுபர்னர் பற்றப் பத்து நொடி ஆகிறது, பற்றும்போது 'டுப்' என்கிறது.

#27 நீலச்சுடர்
அந்த 'டுப்' என்பது பத்து நொடியாகத் தேங்கிய கேஸ். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், தொட்டியின் அடியில் போய் உட்காரும். பழக்கிக்கொள்ளாதீர்கள். தகட்டைக் கவிழ்த்த 'ப' மாதிரி மடித்து, பர்னர்களுக்குக் குறுக்கே, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று துளைகள் அதன் கீழே வரும்படி வையுங்கள். சின்னச் சுடர்கள் அந்தக் கூரையின் கீழே ஒன்றைப் பார்த்து ஒன்று பற்றிக்கொண்டே போகும். அழுத்தம் தாங்கும் பாகம் இல்லை என்பதால் நீங்களே செய்யலாம். மூடி திறந்த நிலையில் சோதியுங்கள். நான்கைந்து நொடிக்குள் சத்தமில்லாமல் தாவ வேண்டும், இல்லாவிட்டால் தகட்டைத் தாழ்த்துங்கள்.

#28 மெல்லநட
கடைசியில் 13-ஆ, 5-ஆ?

#29 துருவேட்டை
ஏழு! பட்டறைக்காரர் தகடு மிச்சமாகிறது என்று இரண்டு கூடுதலாக மடித்துக் கொடுத்தார். ஐந்தைக் கீழே வைத்து, இரண்டை நடுச் சந்துகளின் மேல் உயர்த்தி வைத்திருக்கிறேன், காற்றுச் சந்து அக்கா சொன்ன கணக்குக்குக் குறையவில்லை. கவிழ்த்த 'ப' தகடும் வேலை செய்கிறது, மூன்று நொடி. இரண்டு கட்சிக்கும் பிடிக்காது என்று தெரியும்.

சூடு பரவுவதைப் பார்க்க கிரேட் முழுக்க ரொட்டித் துண்டுகளை அடுக்கி மூடாமல் சுட்டேன். பின் வரிசையின் இடது மூலை வெளுப்பு, மற்றது ஏறக்குறைய ஒரே நிறம். பின் பர்னர் எதிர்முனையில் லேசாகத் தாழ்ந்திருந்தது, தாங்கியை நிமிர்த்தினேன். மூலை இன்னும் கொஞ்சம் வெளுப்புதான், அப்படியே விட்டுவிட்டேன். வெந்ததை ஓரம் தள்ளிவைக்க ஒரு இடம் வேண்டுமே.

#30 ஐந்துபட்டை
ஏழா? சரி, கட்சியில் பிளவு.

#31 வேகச்சூடு
இரண்டு வாரமாக எழுதவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒளி ஊடுருவும் குழாயை 'யூ' மாதிரி வளைத்து, சாயம் கலந்த தண்ணீர் ஊற்றி, மேனிபோல்ட்டின் சோதனை முனையில் மாட்டிப் பார்த்தேன். ஒரு திருகு மட்டும் திறந்தால் இரண்டு பக்க நீர்மட்ட வித்தியாசம் 28 சென்டிமீட்டர், அதாவது 11 அங்குலம், சரியாக இருந்தது. மூன்றையும் முழுசாகத் திறந்தால் 22-க்கு இறங்குகிறது. என் ரெகுலேட்டரால் அந்த 1.2 மில்லிமீட்டர் ஓட்டைகளுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்றுதான் புரிந்துகொள்கிறேன். புது ஜெட் மூன்று வாங்கிப் போட்டேன். சுடர் நீலமாகிவிட்டது, கிரேட்டில் கரி படியவில்லை. வெப்பமானி முள் முன்பைவிடக் கொஞ்சம் கீழே நிற்கிறது, நான் நினைத்த அளவுக்கு இல்லை.

பழைய மூன்றையும் சுத்தியால் நசுக்கிவிட்டேன். டப்பாவில் வைத்திருந்தால் என் கையே ஒருநாள் எடுத்துப் போட்டுவிடும்.

நீலச்சுடர் அக்கா, நீலச் சுடரின் நுனியில் எப்போதாவது ஒரு ஆரஞ்சுப் பொறி தெரிகிறது. அது என்ன?

#32 நீலச்சுடர்
தூசி, இல்லையென்றால் துரு. பர்னருக்குள் ஒருமுறை பிரஷ் விடுங்கள். போகாவிட்டால் வீடியோ போடுங்கள், பார்க்கிறேன்.